கடற்சிங்கத்தின் வாயில் ஒரு கல்

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பெரு நாட்டைப் பற்றி நம் தலைமுறைக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆண்டீஸ் மலை, இன்கா அரசர்கள், ஸ்பெயின்காரர்கள் வாரிக்கொண்டு போன தங்கம். பள்ளிக்கூடத்துப் பூகோளமும் சரித்திரமும் அத்தோடு நின்றுவிட்டன. அந்தத் தங்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே மண்ணுக்குள் கிடைத்த மண்பாண்டங்கள்தான். அதிலும் விலங்குகளின் உருவத்தில் செய்த குடுவைகள். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு நான் படித்த விஷயங்களில் என்னை அதிக நாள் பிடித்து வைத்துக்கொண்டது இது. அதனால் இந்த வாரம் அதைப் பற்றி.

முதலில் ஒரு புதிரோடு தொடங்குகிறேன். பெருவின் வடக்குக் கடற்கரையில் கிடைத்த குடுவைகளில் கடற்சிங்கத்தின் உருவத்தில் செய்தவை உண்டு. துடுப்பு போன்ற கைகள், மீசை, வழவழப்பான உடம்பு, எல்லாம் அச்சு அசலாக இருக்கும். சிலவற்றில் வாயிலோ வாய்க்குப் பக்கத்திலோ உருண்டையாக ஒரு பொருள் தெரியும். கடற்சிங்கம் தின்பது மீன். இது மீன் இல்லை. வேறு எல்லாவற்றையும் அத்தனை சரியாகச் செய்த குயவர் இதை மட்டும் எதற்காகச் சேர்த்தார்? விடையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஊரையும் அந்த மனிதர்களையும் தெரிந்துகொள்வோம்.

பெருவின் கடற்கரை ஒரு பாலைவனம். மழை என்பது அங்கே கிட்டத்தட்ட கிடையாது. கிழக்கே ஆண்டீஸ் மலையில் பெய்யும் மழை சின்னச் சின்ன ஆறுகளாக இறங்கி, மணல்வெளியைக் கடந்து பசிபிக் கடலில் சேர்கிறது. ஒவ்வோர் ஆற்றின் இரு கரையிலும் ஒரு பச்சைக் கோடு போல விவசாயம். அந்தக் கோட்டைத் தாண்டினால் மறுபடி மணல். ஆனால் கடல் மட்டும் அள்ளிக் கொடுக்கும். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டத்தால் அங்கே மீன் வளம் உலகத்திலேயே பெயர் போனது. மீன் இருப்பதால் கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் கூட்டம் கூட்டமாக இருக்கும்.

இந்த வடக்குக் கடற்கரையில் சுமார் கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்களை மோச்சே மக்கள் என்கிறோம். அவர்கள் வாய்க்கால் வெட்டிப் பாலைவனத்தில் பாசனம் செய்தார்கள். வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல்லால் மலை போன்ற கோயில் மேடுகளைக் கட்டினார்கள். தங்கத்திலும் செம்பிலும் நுட்பமான வேலை செய்தார்கள். ஆனால் அவர்களிடம் எழுத்து இல்லை. ஒரு கல்வெட்டு கிடையாது, ஓர் ஏடு கிடையாது. அவர்கள் தங்களை என்ன பெயரால் சொல்லிக்கொண்டார்கள் என்றுகூட எழுதி வைத்துப் போகவில்லை. மோச்சே என்பது அங்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயர். பிற்காலத்தார் வைத்தது.

எழுதாத அந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குடுவைகளை விட்டுச் சென்றார்கள். இத்தனைக்கும் அவர்களுக்குக் குயவர் சக்கரம் தெரியாது. ஸ்பெயின்காரர்கள் வரும்வரை அமெரிக்கக் கண்டம் முழுவதிலுமே அது கிடையாது. மோச்சே குயவர்கள் அச்சு வைத்து வேலை செய்தார்கள். முதலில் ஒரு மாதிரி உருவம் செய்து, அதன்மேல் களிமண்ணை அப்பி இரண்டு பாதி அச்சாக எடுத்துச் சுட்டு வைத்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு பாதியிலும் களிமண்ணை உள்ளிருந்து அழுத்தி, இரண்டையும் சேர்த்து ஒட்டினால் உருவம் தயார். ஒட்டிய இடத்தை வெளியே தேய்த்து மறைத்துவிடலாம், உள்ளே கை போகாது. அதனால் உடைந்த குடுவைகளின் உட்புறத்தில் அந்த ஒட்டு இன்றும் தெரிகிறது. மேலே வெளுத்த நிறத்திலும் செந்நிறத்திலும் களிமண் குழம்பைப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சூளையில் வைப்பார்கள். கண்ணாடி போன்ற மேல்பூச்சு எதுவும் கிடையாது. அந்தப் பளபளப்பு முழுக்கக் கைத் தேய்ப்பில் வந்தது. சிக்காமா பள்ளத்தாக்கில் செர்ரோ மயால் என்ற இடத்தில் இப்படிப்பட்ட ஒரு பெரிய மண்பாண்டப் பட்டறையையே தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

இந்தக் குடுவைகளின் மூக்கு விசேஷமானது. உடம்பிலிருந்து இரண்டு குழாய்கள் வளைந்து மேலே வந்து ஒன்று சேர்ந்து, ஒரே குழாயாக நிமிர்ந்து நிற்கும். குதிரைச் சேணத்தில் கால் வைக்கிற அங்கவடியைப் போல இருப்பதால் அதற்கு அங்கவடி மூக்கு என்று ஐரோப்பியர்கள் பெயர் வைத்தார்கள். செய்தவர்கள் குதிரையைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது வேடிக்கை. ஊற்றும்போது ஒரு கிளை வழியாகப் பானம் வெளியே வர, மறு கிளை வழியாகக் காற்று உள்ளே போகும், அதனால் குபுக் குபுக் என்று சிதறாது என்கிறார்கள். வறண்ட ஊரில் குறுகிய மூக்கு இருந்தால் உள்ளே இருப்பது சீக்கிரம் ஆவியாகாது. வளைவில் கயிறு கட்டித் தூக்கிச் செல்லவும் வசதி. மோச்சே காலத்துக்கு ஆயிரம் வருடம் முன்பே கூபிஸ்னீக்கே என்ற பழைய மக்கள் இதே மூக்கைச் செய்திருக்கிறார்கள். அங்கே ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் கை மாறி வந்த வடிவம் அது.

ஆகவே இவை அலமாரியில் வைக்கச் செய்த பொம்மைகள் அல்ல. உள்ளே பானம் ஊற்றி வைத்துப் பிறருக்கு வார்க்கும் பாத்திரங்கள். மக்காச்சோளத்தை முளைகட்டி, காய்ச்சி, புளிக்கவைத்து எடுக்கும் சிச்சா என்ற பானம் அங்கே விருந்துக்கும் சடங்குக்கும் பொது. இன்றும் ஆண்டீஸ் மலைப் பக்கத்தில் சிச்சா குடிக்கும் முன் முதல் சில துளிகளைப் பூமித்தாய்க்கு என்று மண்ணில் விடுகிறார்கள். சொந்தக்காரர் இறந்தபின் குடுவைகளும் அவரோடு கல்லறைக்குள் போயின. முழுசாக நமக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை அப்படிக் கிடைத்தவைதான்.

என்னென்ன விலங்குகள் என்று பட்டியல் போட்டால் ஒரு காட்டையும் ஒரு கடலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆந்தை, வௌவால், நரி, மான், வாத்து, கிளி, தேரை, உடும்பு மாதிரியான பல்லிகள், நண்டு, ஆக்டோபஸ், சிப்பி. முதுகில் சுமையோடு லாமா. உடம்பில் முடியே இல்லாத ஒரு நாட்டு நாய் கூட உண்டு. அந்த ஜாதி நாய் இன்றும் பெருவில் இருக்கிறது. அதன் உடம்புச் சூடு மூட்டுவலிக்கு நல்லது என்று அங்கே பெரியவர்கள் பக்கத்தில் படுக்கவைத்துக் கொள்வார்களாம். நம் வயதுக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம். இன்னொரு ஆச்சரியம், குரங்கும் ஜாகுவாரும். இவை அந்தப் பாலைவனத்தில் வாழ்பவை அல்ல. ஆண்டீஸ் மலைக்கு அந்தப் பக்கம், அமேசான் காட்டில் இருப்பவை. கடற்கரைக் குயவருக்கு அவை தெரிந்திருந்தன என்றால், மலையைத் தாண்டிப் போக்குவரத்து இருந்தது என்றுதான் அர்த்தம்.

சில குடுவைகள் சத்தமும் போடும். இரண்டு வயிறுகள், நடுவே இணைக்கும் ஒரு குழாய். ஒரு வயிற்றின் மேல் ஊற்றும் மூக்கு, மற்றதன் மேல் ஒரு பறவையோ குரங்கோ உட்கார்ந்திருக்கும். அந்த உருவத்துக்குள் ஒரு சின்ன ஊதல் ஒளிந்திருக்கும். பாதி தண்ணீர் நிரப்பிக் குடுவையை முன்னும் பின்னும் சாய்த்தால், நீர் ஒரு வயிற்றிலிருந்து மற்றதற்கு ஓடும். அங்கே இருக்கும் காற்றுக்கு வெளியேற வேறு வழி இல்லாமல் ஊதல் வழியாகப் போகும். பறவை கூவும். இதை முதலில் செய்தவர்களில் இன்றைய ஈக்வடார் கடற்கரையின் சோர்ரேரா மக்கள் முக்கியமானவர்கள். அது கிறிஸ்துவுக்கு முந்தைய காலம். பிறகு தெற்கே பரவி, மோச்சேக்களுக்குப் பின் வந்த சிமு மக்கள் காலம் வரை நீடித்தது. சிமு குயவர்கள் சூளையில் காற்றை அடைத்துப் புகை மூட்டம் போட்டுக் கன்னங்கரேலென்று சுடுவதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் குடுவைகளில் மூக்கின் அடியில் ஒரு குட்டிக் குரங்கு ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம்.

இப்போது கடற்சிங்கத்தின் வாய்க்கு வருவோம். மோச்சே உருவங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் கிறிஸ்டோபர் டோனன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். உலகத்தில் பல இடங்களில் சிதறிக் கிடந்த குடுவைகளின் படங்களைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரே இடத்தில் திரட்டியவர். அவர் இந்தப் புதிருக்கு விடையைப் புத்தகத்தில் தேடாமல் பெருவின் கடற்கரை நாட்டு வைத்தியர்களிடம் தேடினார். கடற்சிங்கங்களுக்குக் கூழாங்கற்களை விழுங்கும் பழக்கம் உண்டு. அந்தக் கற்களை நாட்டு வைத்தியர்கள் சக்தி வாய்ந்த மருந்தாக மதிக்கிறார்கள். வாயருகே இருக்கும் உருண்டை அந்தக் கல்தான் என்று அவர் விளக்கினார். கல்லை மதிக்கும் மனிதர்கள் இன்னமும் இருந்ததால் விடை கிடைத்தது. குடுவையை மட்டும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

மானும் அப்படித்தான். சில குடுவைகளில் மான் மனிதனைப் போல உட்கார்ந்திருக்கும். கழுத்தில் கயிறு. மோச்சே ஓவியங்களில் போரில் பிடிபட்ட கைதிகளை அதே மாதிரிக் கழுத்தில் கயிறு போட்டுத்தான் காட்டியிருக்கிறார்கள். மான் வேட்டையும் சாதாரண ஜனங்கள் வயிற்றுப் பாட்டுக்குச் செய்ததாகத் தெரியவில்லை. அலங்கார உடை போட்ட பெரிய மனிதர்கள் செய்வதாக வரைந்திருக்கிறார்கள். மான் என்று நாம் பார்ப்பதை அவர்கள் தோற்ற வீரன் என்று பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் பின்னால் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது.

சரி, இவையெல்லாம் கற்பனைக் கதைகளா, நிஜமாக நடந்தவையா? வெகு காலம் யாருக்கும் தெரியாது. குடுவைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியை டோனன் கவனித்திருந்தார். கைதிகளின் ரத்தத்தை ஒரு கோப்பையில் பிடித்து, பெரிய தலைப்பாகை அணிந்த தலைவனிடம் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களில் ஒருவர் பாதி பறவை, பாதி மனிதர். இன்னொருவர் பெண். பார்த்தால் புராணக் கதை மாதிரிதான் இருக்கும்.

1987 பிப்ரவரியில் பெருவின் வடக்கே சீபான் என்ற கிராமத்தில், மழையில் கரைந்து மொட்டையான ஒரு பழைய செங்கல் மேட்டில் புதையல் திருடர்கள் இரவில் குழி தோண்டினார்கள். தங்கம் கொட்டியது. பங்கு பிரிப்பதில் சண்டை வந்து விஷயம் போலீசுக்குப் போனது. தேடுதலில் திருடர்களில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். லம்பயேக்கேயில் இருந்த அருங்காட்சியகத்தின் தலைவர் வால்டர் ஆல்வா, அந்த மேட்டில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற அங்கேயே தங்கித் தோண்ட ஆரம்பித்தார். ஊர்க்காரர்களின் கோபம் ஒரு பக்கம், கையில் காசு இல்லாதது இன்னொரு பக்கம். திருடர்கள் தொடாத ஒரு கல்லறை அங்கே இருந்தது. அந்த மேட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான மண்குடுவைகளைப் படைத்து வைத்திருந்தார்கள். கல்லறையில் ஒரு தலைவர், தங்கமும் வெள்ளியுமாக. கூடவே புதைக்கப்பட்ட மனிதர்கள், ஒரு நாய், லாமாக்கள். அந்தத் தலைவரின் உடையும் ஆபரணமும், குடுவைக் காட்சியில் கோப்பையை வாங்கும் தலைவனுடையவையே.

பக்கத்தில் இரண்டாவது கல்லறை. அதில் இருந்தவரின் தலை அணியில் ஓர் ஆந்தை. குடுவையில் பாதி பறவையாக வரும் அந்த மனிதர் இவர்தான் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 1991-இல் சான் ஹோசே டெ மோரோ என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் கல்லறையும் கிடைத்தது. குடுவைகளில் இருந்தது புராணம் அல்ல, ஊரில் நடந்த சடங்கு. பறவை மனிதர் என்பது ஆந்தை வேஷம் தரித்த பூசாரி. அதற்குப் பிறகு ஆந்தைக் குடுவையைப் பார்க்கிற எவரும் அதை வெறும் ஆந்தையாகப் பார்க்க முடியாது.

அந்தச் சடங்கு எப்போது நடந்தது என்பதற்கும் ஒரு துப்பு கிடைத்தது. மோச்சே ஆற்றங்கரையில் நிலாக் கோயில் என்று பிற்காலத்தார் பெயரிட்ட ஒரு மேடு உண்டு. 1995-இல் அங்கே ஒரு முற்றத்தைத் தோண்டிய ஸ்டீவ் பூர்ஜே என்ற ஆய்வாளர், பலி கொடுக்கப்பட்ட சுமார் எழுபது ஆண்களின் எலும்புகளைக் கண்டார். அவற்றில் பல, மழையில் கரைந்து ஓடிவந்த சேற்றில் புதைந்திருந்தன. மழையே இல்லாத ஊரில் அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? எல் நினோ. சில வருடங்களுக்கு ஒருமுறை கடல் நீர் சூடாகும். மீன் காணாமல் போகும், கடற்சிங்கங்கள் பட்டினியில் சாகும், பாலைவனத்தில் மழை கொட்டி வாய்க்கால்களையும் வயல்களையும் அடித்துக்கொண்டு போகும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் குழந்தை ஏசு என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தவர்கள் பெரு நாட்டு மீனவர்கள்தான். உலகம் தலைகீழான நேரத்தில், பயந்துபோன ஜனங்கள் தங்கள் தெய்வத்திடம் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முற்றத்தில் மனித எலும்புகளோடு, கயிறு கட்டிய கைதிகளின் மண் உருவங்களும் வேண்டுமென்றே உடைத்துப் போடப்பட்டிருந்தன.

இவ்வளவும் தெரிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். எலும்பு, சேறு, உடைந்த மண் உருவம் மூன்றும் ஒரே இடத்தில், வைத்தது வைத்தபடி இருந்தன. நான் வேலை பார்த்த காலத்தில் பாதி நாள் ரெக்கார்டு ரூமில் கழிந்தது. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். கோப்பில் இருக்கிற வரைக்கும்தான் ஒரு தாளுக்கு மதிப்பு. முன்னால் உள்ள தாளும் பின்னால் உள்ள தாளும் சேர்ந்துதான் அது யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று சொல்லும். அதை உருவித் தனியாகக் கையில் கொடுத்தால், முத்திரையும் கையெழுத்தும் அப்படியே இருந்தாலும், அது எந்த வழக்குக்கும் உதவாது. கல்லறையிலிருந்து உருவிய குடுவையும் அப்படித்தான். அழகு போகாது. சாட்சி போய்விடும்.

பெருவில் அந்த உருவல் நானூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. நிலாக் கோயிலுக்கு எதிரே சூரியக் கோயில் என்று இன்னொரு மேடு. அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பெரிய பச்சைச் செங்கல் கட்டடங்களில் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின்காரர்கள் தங்கம் தேட, மண்வெட்டி போதாது என்று மோச்சே ஆற்றையே அதன் மேல் திருப்பிவிட்டார்கள். மேட்டின் பெரும்பகுதி கரைந்து போனது. என்ன கிடைத்ததோ, எல்லாம் உருக்கப்பட்டது. குடுவைகளை உருக்க முடியாதே, அவற்றை யார் எண்ணினார்கள்?

எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். 1780-களில் த்ருஹீயோ நகரின் பிஷப்பாக இருந்த மார்த்தீனெஸ் கொம்பான்யோன் என்ற ஸ்பானியர், தம் மறைமாவட்டம் முழுவதும் சுற்றி, மனிதர், செடி, பறவை, பழைய கட்டடம் எல்லாவற்றையும் சுமார் 1,400 வண்ணப் படங்களாக வரையச் செய்தார். பழைய குடுவைகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டி ஸ்பெயின் அரசருக்கு அனுப்பி வைத்தார். அவற்றில் பல இன்றும் மாட்ரிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வீட்டுக்குள் வந்த குடுவைகளின் கதை வேறு. பிரபல ஓவியர் பால் கோகன் சின்னப் பிள்ளையாக லிமா நகரில் சில வருடம் வளர்ந்தவர். அவருடைய தாயாருக்குப் பெரு நாட்டுப் பழைய குடுவைகளைச் சேர்ப்பதில் ஆசை. பிரான்சுக்குத் திரும்பியபோது அவற்றையும் கொண்டுபோனார். 1871-இல், பிரஷ்யப் போரின்போது, பாரிசுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு எரிந்து அந்தச் சேகரிப்பும் அழிந்தது. பிற்பாடு கோகன் களிமண்ணில் வேலை செய்தபோது அவர் கை தானாக அந்த அங்கவடி மூக்கைச் செய்தது. பிள்ளைப் பிராயத்தில் பார்த்தது எங்கே போகும்?

குடுவைகளை ஆசையோடு சேர்த்தது மட்டுமல்லாமல், அவற்றைப் படிக்கவும் கற்றுக்கொண்டவர் ரஃபேல் லார்கோ ஹொய்லே. 1901-இல் பிறந்தவர், கரும்புத் தோட்டக் குடும்பம். 1926 ஜூலை 28, பெருவின் சுதந்திர நாளில், சிக்லீன் என்ற தங்கள் பண்ணையிலேயே அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். பிறர் சேகரிப்புகளை விலைக்கு வாங்கினார் என்றாலும், அத்தோடு நிற்கவில்லை. தாமே பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் கல்லறைகளைத் தோண்டி, எந்தக் குடுவை எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று குறித்து வைத்தார். அதிலிருந்து 1948-இல் மோச்சே குடுவைகளை ஐந்து காலக்கட்டமாகப் பிரித்தார். பிரித்தது எதை வைத்து? அந்த மூக்கை வைத்து. ஆரம்ப காலத்து மூக்கு குட்டையாக, விளிம்பு தடித்து இருக்கும். போகப் போக நீண்டு, விளிம்பு மறைந்து, நுனி குறுகும். தேதி எழுதாத மக்களின் தேதியை மூக்கில் படித்தார் மனிதர். பிற்காலத்தில் அதில் திருத்தங்கள் வந்தாலும் அந்த வரிசை இன்றும் பேச்சில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் இப்போது லிமாவில் இருக்கிறது. சுமார் 45,000 பொருட்கள். அங்கே கிடங்கைப் பூட்டி வைப்பதில்லை. ஆந்தைக்கு ஓர் அலமாரி, வாத்துக்கு ஓர் அலமாரி என்று வரிசையாக அடுக்கிய ஆயிரக்கணக்கான குடுவைகளை யாரும் நடந்து பார்க்கலாம். கணினியிலும் படங்களைப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பல மதியப் பொழுதுகள் அதில் போயிருக்கின்றன.

இரவில் குழி தோண்டுகிறவர்களைப் பெருவில் வாக்கேரோ என்கிறார்கள். வாக்கா என்றால் புனித இடம், அதைத் தோண்டிப் பிழைப்பவர் வாக்கேரோ. பெரும்பாலும் ஏழை விவசாயக் கூலிகள். அவர்களுக்குக் கிடைப்பது சொற்பம், இடைத் தரகர்களும் வெளிநாட்டு வியாபாரிகளும் கொழுப்பார்கள். மண்ணுக்குள் இருக்கும் பழம்பொருள் அரசுக்குச் சொந்தம் என்று 1929-இலேயே பெரு சட்டம் போட்டது. சீபான் பொருட்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1990-இல் அந்த நாடு தடை விதித்தது, 1997-இல் இரு நாடுகளும் விரிவான ஒப்பந்தம் செய்துகொண்டன. திருட்டு முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிறவன் பயந்தால் தோண்டுகிறவன் குறைவான்.

தொடாமல் விட்ட இடம் என்ன சொல்லும் என்பதற்கு இன்னும் ஓர் உதாரணம். வடக்குக் கடற்கரையிலிருந்து வெகு தூரம், தெற்கே மலைமேல் டிட்டிகாக்கா என்ற பெரிய ஏரி. அதில் பொலிவியா பக்கத்தில் பரீத்தி என்று ஒரு சின்னத் தீவு. திவனாக்கு என்ற பழைய அரசு செழித்த பகுதி அது. 2004-இல் பின்லாந்து, பொலிவிய ஆய்வாளர்கள் சேர்ந்து அங்கே தோண்டியபோது, குழிக்குள் குவியலாக ஓடுகள் கிடைத்தன. பொறுமையாக ஒட்டிப் பார்த்தால் அழகழகான வாத்துகளும் மனித முகங்களும். எல்லாமே சுமார் ஆயிரம் வருடம் முன், ஏதோ ஒரு சடங்கில் வேண்டுமென்றே உடைத்துக் குழியில் இட்டவை. ஒரு திருடன் அங்கே போயிருந்தால், உடைந்த ஓடு விலை போகாது என்று காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பான். அந்தக் குவியல்தான் நமக்கு விஷயம் சொன்னது. தங்கள் ஊரின் மிகச் சிறந்த பாத்திரங்களைத் தாங்களே உடைக்கும் அளவுக்கு அந்த ஜனங்களுக்கு அந்த நாள் பெரிதாக இருந்திருக்கிறது.

ஸ்பெயின்காரர்கள் 1532-இல் வந்தார்கள். அதற்குப் பிறகு பழைய வழிபாடுகளை ஒழிக்கப் பாதிரிமார்கள் ஊர் ஊராகப் போனார்கள். இன்கா காலத்து ஜனங்கள் கல்லில் சிறிய லாமா, அல்பாக்கா உருவங்கள் செய்து, முதுகில் உள்ள குழியில் கொழுப்பை வைத்து, மந்தை பெருக வேண்டும் என்று மேய்ச்சல் நிலத்தில் புதைப்பார்கள். அவற்றின் பெயர் கோனோப்பா. அர்ரியாகா என்ற ஏசு சபைப் பாதிரியார் 1621-இல் வெளியிட்ட நூலில் இவற்றைக் கண்டுபிடித்து ஒழிப்பது எப்படி என்று விவரமாக எழுதியிருக்கிறார்.

ஒழிந்ததா? டிட்டிகாக்கா ஏரிக்கு வடக்கே பூனோ வட்டாரத்தில் இன்றும் மண்ணில் காளை செய்கிறார்கள். மாடு அங்கே பழைய விலங்கு அல்ல. ஸ்பெயின்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தது. மாட்டுக்கு அடையாளம் போடும் சடங்கில் பயன்படுத்த அந்தக் காளையைச் செய்தார்கள். அதன் முதுகில் பானம் ஊற்ற ஒரு துளை இருக்கும். செக்கா புப்பூஹா என்ற ஊரில் செய்து, புக்காரா ரயில் நிலையத்தில் பயணிகளிடம் விற்றதால், புக்காரா காளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீடு கட்டி முடித்ததும் கூரை உச்சியில் ஜோடியாக, நடுவே ஒரு சிலுவையோடு வைப்பார்கள். குடும்பத்துக்குக் காவல் என்று நம்பிக்கை.

லாமா போய்க் காளை வந்தது. தெய்வத்தின் பெயர் மாறியது, கூடவே சிலுவை வந்தது. விலங்கின் வயிற்றில் பானத்தை வார்த்து நல்லது கேட்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. கடற்சிங்கத்தின் வாயில் இருந்த கல்லுக்கு ஒரு நாட்டு வைத்தியரிடம் விடை கிடைத்ததும் இதனால்தான். மண்ணுக்குள் இருப்பதை யாரும் உருவாமல் இருந்தால், மண்ணுக்கு மேலே உள்ள மனிதர்கள் தங்கள் பழக்கத்தை விடாமல் இருந்தால், எழுத்தே இல்லாத ஒரு காலத்தோடு கூட நாம் பேச முடிகிறது. இரண்டில் ஒன்று அறுந்தாலும் மிஞ்சுவது கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அழகான பொம்மைதான்.